லாஜிக் எங்கே இடிக்கிறது?

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் மூன்று சுற்று நடந்துவிட்டு நாங்கள் நாலு பேர் ஒரு பெஞ்சில் உட்காருவோம். நடக்கிற நேரத்தைவிட உட்காருகிற நேரம் அதிகம். அதில் ஒருவர் பேங்க்கில் சீஃப் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். நல்ல மனுஷர். காபிக்கு அடுத்தவரைக் காசு கொடுக்க விடமாட்டார். அன்றைக்கு வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

‘‘நேத்து ராத்திரி டி.வி.யில ‘விசாரணை’ போட்டான் சார். பாதியில ஆஃப் பண்ணிட்டேன். ஓவரா இல்லே? பார்க்குல படுத்துத் தூங்குற பசங்களைப் பிடிச்சுட்டுப் போய், செய்யாத திருட்டை ஒத்துக்கோனு நாள் கணக்கா அடிக்கிறான். கோர்ட்டுனு ஒண்ணு கிடையாதா? கேக்க ஆள் கிடையாதா? சுத்தமா லாஜிக் இடிக்குது!’’

இதே மனிதர்தான் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேரனோடு தி.நகரில் ஒரு பெரிய ஹீரோவின் படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் பெஞ்சில் அதை நடித்தே காட்டினார். ஹீரோ உதைத்த ஜீப் இன்னொரு ஜீப்பின் மேல் ஏறி உட்கார்ந்ததாம். நாற்பது அடியாட்களாம். ஹீரோவின் சட்டை இஸ்திரி கலையவில்லையாம்.

‘‘அதுல லாஜிக் இடிக்கலையா சார்?’’ என்று கேட்டேன்.

‘‘அது ஹீரோ படம் சார். அதுல போய் யாராவது லாஜிக் பார்ப்பாங்களா?’’

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. லாஜிக்கை எங்கே பார்க்க வேண்டும், எங்கே பார்க்கக் கூடாது என்று நமக்குள்ளே யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் நண்பருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. ஒவ்வொரு கதைக்கும் அதைக் கேட்கிறவர்களோடு ஓர் ஒப்பந்தம் உண்டு. பங்குனி உற்சவத்தில் மயிலாப்பூர்க் குளக்கரையில், குடத்திலிருந்த எலும்பும் சாம்பலும் பூம்பாவை என்கிற பெண்ணாக எழுந்து வந்த கதையை வருஷா வருஷம் நடத்திக் காட்டுகிறார்கள். அங்கே நின்றுகொண்டு ‘மெடிக்கலாக இது எப்படி சாத்தியம்?’ என்று கேட்பவன் ரசனை கெட்டவன். கிரேஸி மோகன் நாடகத்தில் ஒரே ஆளை நாலு பேராக நினைத்துக்கொண்டு ஒரு குடும்பமே குழம்பும். ‘ஒரு ஆதார் கார்டு கேட்டிருந்தால் முடிந்திருக்குமே’ என்று வாணி மகாலில் எழுந்து நின்று யாரும் கத்துவதில்லை. கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வந்தால் அவன் துரியோதனன்தான்; பகலில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது பேச்சில்லை.

எனவே லாஜிக் பார்க்காமல் இருப்பது முட்டாள்தனம் அல்ல. அது ஒரு மரியாதை. என் புகார் வேறு. அந்த மரியாதையை நாம் யாருக்குத் தருகிறோம், யாருக்கு மறுக்கிறோம்?

ஆலிஸ் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர், மீடியாவில் வரும் கதைகளை ஜனங்கள் எதை வைத்து ‘ரியலிஸ்டிக்’ என்கிறார்கள் என்று இளைஞர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டு, 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வார்த்தையை அவர்கள் ஆறு அர்த்தத்தில் பயன்படுத்துவதைக் கண்டார். இது நடக்கக்கூடியதா? பொதுவாக எல்லாருக்கும் நடப்பதா? நிஜமாகவே நடந்ததா? பார்க்கும்போது மனசு ஒன்றியதா? கதை முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கிறதா? கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிகிறதா?

ஆறும் நியாயமான அளவுகோல்கள்தான். ஆனால், நம் ஊரில் என்ன செய்கிறோம் என்றால், ஜவுளிக்கடையில் ஆறு புடவையை எடுத்துப் போட்டு வேண்டியதை மட்டும் உருவிக்கொள்வதுபோல, அந்தந்த நேரத்துக்கு வசதியான அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம். ஜீப் பறந்தால், ‘என்ன கிராபிக்ஸ்!’ என்று ஆறாவது. லாக்கப்பில் அடித்தால், ‘எல்லா ஸ்டேஷன்லயும் இப்படியா நடக்குது?’ என்று இரண்டாவது.

இந்த ஆறுக்கும் மேலே ஏழாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘இது உண்மையாக இருந்தால் எனக்கு ஏதாவது வேலை வைக்குமா?’ என்பதே அது. வேலை வைக்காது என்றால் எதையும் நம்புவோம். வேலை வைக்கும் என்றால் உடனே லாஜிக் இடிக்கும்.

நான் சும்மா சொல்லவில்லை. தமிழில் இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது.

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்காதவர்களுக்கு: மழை கொட்டுகிற ஒரு சாயங்காலம். ஏழை பிராமணக் குடும்பத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வருகிறது. ஏறிக்கொள்ளச் சொல்கிறான் ஒருவன். ஏறுகிறாள். அந்தக் காரில் அவளுக்கு நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் துடித்துப் போகிறாள். அடிக்கிறாள். அப்புறம் மகளின் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே, இது உன்னைத் தொடாது என்கிற மாதிரி பேசுகிறாள். அவ்வளவுதான் கதை.

பிடித்துக்கொண்டது சண்டை. கண்டனங்கள். விவாதங்கள். இப்படி எழுதலாமா என்ற ஒழுக்கப் பிரச்னை ஒரு பக்கம். எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா என்ற ‘லாஜிக்’ பிரச்னை இன்னொரு பக்கம்.

கவனியுங்கள். அந்தக் கதையில் முன்பின் தெரியாத ஒருவன் காரை நிறுத்தி ஒரு பெண்ணைக் கெடுக்கிறான். ‘எந்த ஆம்பளையாவது இப்படிச் செய்வானா?’ என்பது சர்ச்சை ஆகவே இல்லை. அது எல்லாருக்கும் இயல்பாகப் பட்டது. மழை, கார், பணக்கார இளைஞன், பயந்த பெண்... சகஜம். அம்மா இரக்கம் காட்டினாளே, அந்த ஒரு இடத்தில்தான் லாஜிக் இடித்தது. அயோக்கியத்தனம் யதார்த்தம், அன்பு மட்டும் மிகை!

காரணம், ஏழாவது அளவுகோல். காரில் வந்தவனை நம்புவதால் நமக்கு ஒரு வேலையும் இல்லை. உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் ஜோக்ஸ் படிக்கலாம். அம்மாவை நம்பினால் அப்படிப் போக முடியாது. அவள் நிஜம் என்றால், நாளைக்கு நம் வீட்டுப் பெண் நனைந்துகொண்டு வந்து நின்றால் நாமும் ஒரு குடம் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும். முடியாது. ஆகவே அந்த அம்மா பொய்.

ஜெயகாந்தன் விடவில்லை. சரி, நீங்கள் நம்புகிற மாதிரியே அம்மா நடந்துகொண்டால் என்ன ஆகும் என்று ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. தினமணி கதிரில் தொடராக வந்தது. இதில் அம்மா வாய்விட்டு அலறுகிறாள். ஊருக்குத் தெரிகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு தருகிற மாமாவின் கண்ணும் சரியில்லை. கங்கா படித்து, வேலைக்குப் போய், நல்ல சம்பளம் வாங்கி, அப்படியும் அந்த ஒரு மழை நாளிலிருந்து வெளியே வர முடியாமல் நிற்கிறாள். 1972-க்கான சாகித்ய அகாடமி விருது இந்த நாவலுக்கு. 1977-ல் பீம்சிங் படமாக எடுத்தார். லட்சுமிக்கு தேசிய விருது.

நாவல் அருமையான நாவல். அதில் சந்தேகமில்லை. ஆனால், யோசித்துப் பாருங்கள். தாய் மகளைக் காப்பாற்றினால் சண்டை; கைவிட்டால் யதார்த்தம். ‘யதார்த்தம்’ என்று நாம் சான்றிதழ் கொடுத்த அந்த வீட்டில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை நாசமானது. அன்றைக்கு மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் எத்தனை பேரோ! அவர்களுக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். ‘நமக்கு ஏதாவது ஆனால் வீட்டில் சொல்லக் கூடாது. தண்ணீர் ஊற்றுகிற அம்மா கதையில்கூட இருக்கக் கூடாதாம்.’

கதையில் எது நடக்கும், எது நடக்காது என்று நாம் சொல்கிற தீர்ப்பு கதையோடு நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி நம் பேங்க் நண்பரின் ‘விசாரணை’க்கு வருவோம். வெற்றிமாறனின் அந்தப் படம் 2016-ல் தியேட்டர்களுக்கு வந்தது. இந்தியா சார்பில் ஆஸ்கருக்குப் போனது. அதன் முதல் பாதிக்கு மூலம், மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ என்கிற புத்தகம். சந்திரகுமார் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர். 1983-ல் ஆந்திராவில் குண்டூரில், செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்டு அடி வாங்கியவர். வாங்கிய அடியைத்தான் எழுதினார். கற்பனை வளம் அதிகம் என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

‘அது ஆந்திரா சார், அந்தக் காலம்’ என்பீர்கள். 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சாத்தான்குளத்தில் ஒரு மொபைல் கடைக்காரரையும் அவருடைய அப்பாவையும் கடை சாத்தத் தாமதம் என்ற பிரச்னையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். நாலு நாளுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், அங்கே நடந்ததை மாஜிஸ்டிரேட்டிடம் துணிந்து சொன்னார். இதை அப்படியே ஒரு உதவி இயக்குநர் கதையாக எழுதிக்கொண்டு போனால் தயாரிப்பாளர் என்ன சொல்வார் தெரியுமா? ‘கடை சாத்த லேட் ஆனதுக்கா தம்பி ரெண்டு உயிர்? மோட்டிவ் வீக்கா இருக்கே!’

கெட்டது மட்டுமல்ல, நல்லதும் நமக்கு இடிக்கும். 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ வந்தபோது, ‘போலீஸ் இவ்வளவு மோசமா?’ என்று கேட்டவர்களுக்குச் சமமாக, ‘ஒரு வக்கீல் இவ்வளவு நல்லவனா? ஃபீஸ் வாங்காம யார் சார் கேஸ் நடத்துவான்? சூர்யாவுக்காக பில்டப்!’ என்று சிரித்தவர்களையும் பார்த்தேன். அது 1993-ல் கடலூர் மாவட்டத்தில் போலீஸ் பிடித்துப்போன ராஜாக்கண்ணுவின் வழக்கு. நடத்திய வக்கீல் கே. சந்துரு. மனித உரிமை வழக்குகளுக்கு அவர் ஃபீஸ் வாங்கியதில்லை. பிறகு 2006-லிருந்து 2013 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். ‘மை லார்டு’ வேண்டாம் என்றார். ரிடையர் ஆன அன்று பிரிவுபசார விழாவை மறுத்து, அரசாங்கக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார்.

நிஜ சந்துருவை அப்படியே திரையில் காட்டினால் தியேட்டர் தாங்காது. மின்சார ரயில் காட்சியில் பின் சீட்டிலிருந்து, ‘யப்பா, போதும்ப்பா’ என்று சத்தம் வரும். நான் பந்தயம் கட்டத் தயார். மோசமான போலீஸ் உண்மை என்றால், ‘நாம் ஏன் கேட்கவில்லை?’ என்ற கேள்வி வரும். நல்ல வக்கீல் உண்மை என்றால், ‘நம்மால் ஏன் முடியவில்லை?’ என்ற கேள்வி வரும். இரண்டுமே தொந்தரவு. ஜீப்பை எத்துகிற ஹீரோவிடம் அந்தத் தொந்தரவு கிடையாது. ‘நீ ஏன் ஜீப்பை எத்தவில்லை?’ என்று நம்மை யாரும் கேட்கப்போவதில்லை.

ஜாதி விஷயம் இன்னும் தமாஷ். 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது, அடையாறில் ஒரு வீட்டு வரவேற்பறையில், ‘இந்தக் காலத்துல யார் சார் ஜாதி பார்க்கறா? இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தின கதை’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மடியில் இருந்த பேப்பரில் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்கள் ஜாதிவாரியாக, உட்பிரிவுவாரியாக, கோத்திரவாரியாக நாலு பக்கம். அவர் பெண்ணுக்காகத்தான் அதில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டரை வருஷம் முன்னால், 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் கடைத்தெருவில் வைத்து ஒரு கலப்புமணத் தம்பதியை வெட்டினார்கள். கணவன் செத்தான். சிசிடிவியில் பதிவானதை எல்லா சேனலும் திரும்பத் திரும்பப் போட்டது. அந்த நண்பரும் பார்த்திருப்பார். நியூஸில் வந்தபோது நம்பினார். படத்தில் வந்தபோது முடியவில்லை. ஏனென்றால், நியூஸ் ‘உடுமலைப்பேட்டையில்’ என்று ஆரம்பிக்கிறது. நல்ல கதை ‘உங்கள் வீட்டில்’ என்று ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் சிலர் கை தூக்குவீர்கள். ‘நிஜமாக நடந்தது என்பதற்காக எல்லாக் குப்பையையும் நம்ப வேண்டுமா? அது கதையில் நம்பும்படி இருக்க வேண்டாமா?’

ரொம்பச் சரி. அரிஸ்டாட்டிலே இதைச் சொல்லியிருக்கிறார். நடக்க முடியாததைக்கூட நம்பும்படி சொல்பவன், நடக்கக்கூடியதை நம்ப முடியாமல் சொல்பவனைவிடத் தேவலை என்பது அவர் கட்சி. ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று ஒரு கார்டைப் போட்டுவிட்டுச் சோம்பேறித்தனமாக எழுதுகிறவர்களை நானும் மன்னிக்க மாட்டேன். அந்தக் கார்டு இப்போது லைசென்ஸ் ஆகிவிட்டது. அதைப் போட்டவர்களிடம், எது உண்மை, எதை மாற்றினீர்கள் என்று கேட்பதும் நம் உரிமை. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் ஏன் இருளர் ஆனார் என்று கேட்டவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1980-ல் நடக்கிற காட்சியில் பின்னால் செல்போன் டவர் தெரிகிறது என்று கண்டுபிடிக்கிறவர்களும் வாழ்க. அது கவனத்தின் அடையாளம்.

நான் கேட்பது ஒன்றுதான். ‘நம்பும்படி’ என்கிறோமே, யார் நம்பும்படி? நாம் பார்த்து வளர்ந்ததை வைத்துத்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது. லஸ்ஸில் பிறந்து, லஸ்ஸில் படித்து, ஸ்டேஷனுக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு மட்டும் போனவனுக்கு ஸ்டேஷன் என்பது ஒரு மர பெஞ்ச், ஒரு டீ, ஒரு கையெழுத்து. அதைத் தாண்டியதெல்லாம் மிகை. நம் அனுபவத்தின் எல்லையை உலகத்தின் எல்லை என்று நினைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இருப்பவனைப் பார்த்து ‘பொய் சொல்றான்’ என்கிறோம். செல்போன் டவரைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, மேட்ரிமோனியல் பக்கம் தெரிய மாட்டேன் என்கிறது.

சினிமாவோடு போனால் பரவாயில்லை. படத்தைப் பார்த்துப் பழகிய அளவுகோலை வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டு போகிறோம். என் சண்டை உண்மையில் இங்கேதான்.

2018 அக்டோபரில் ‘மீ டூ’ அலை சென்னைக்கும் வந்தது. சினிமாக்காரர்கள் பெயர்கள் வந்தன. கர்னாடக சங்கீதத்திலும் பெயர்கள் வந்தன. அந்த வருஷ டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை நீக்கியது. யார் சொன்னது நிஜம், யார் மறுத்தது நிஜம் என்று நான் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. அந்த சீசனில் சபா கேன்டீன்களில் என் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

‘அப்பவே ஏன் சொல்லலையாம்?’

‘அதுக்கப்புறமும் அவர்கிட்ட பாட்டு கத்துண்டிருக்காளே, அது எப்படி?’

‘ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே!’

இதெல்லாம் ஆதாரம் கேட்கிற கேள்விகளே அல்ல. திரைக்கதை விவாதத்தில் கேட்கிற கேள்விகள். கேரக்டர் ஏன் இந்த சீனில் இப்படி நடந்துகொள்ளவில்லை? இடைவேளைக்கு முன்னால் ஏன் இது வரவில்லை? நிஜ மனுஷிக்கு இடைவேளை கிடையாது. பயம் இருக்கும். குருவை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலைமை இருக்கும். அம்மாவிடமே சொல்ல முடியாத வீடு இருக்கும். அந்த வீட்டை ‘யதார்த்தம்’ என்று 1966-லேயே நாம்தானே முத்திரை குத்திவைத்தோம்? இப்போது வந்து, ‘ஏன் அப்பவே வீட்டில் சொல்லவில்லை?’ என்றால் எப்படி?

சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் கோர்ட்டின் வேலை, நமக்கும் வேண்டியதுதான். ஆதாரம் கேளுங்கள். எதிர்த் தரப்பைக் கேளுங்கள். வலியில் இருக்கிறவளிடம் கதை ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒழுங்கான கதை வேண்டுமென்றால் பொய் சொல்லத் தெரிந்தவனிடம் போங்கள். அவனிடம்தான் லாஜிக் இடிக்கவே இடிக்காது.

இவ்வளவு பேசிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை.

பத்து வருஷம் இருக்கும். மந்தைவெளியில் இருந்தோம். வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் வரவில்லை. மறுநாள் வந்தார். முகம் வீங்கியிருந்தது. அவர் வேலை செய்த இன்னொரு வீட்டில் செயின் காணோம். புகார் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வந்து கூட்டிப்போய், விடிகிற வரை ஸ்டேஷனில் வைத்திருந்து அடித்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

‘‘சார், நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதுறவரு. ஒருவாட்டி கூட வந்து நின்னீங்கன்னா போதும் சார்.’’

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். ‘‘ராத்திரி எட்டு மணிக்கா? அது எப்படிம்மா? சூரியன் மறைஞ்ச பிறகு பெண்களைக் கைது பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பண்ணணும்னா பெண் போலீஸ் அதிகாரி வந்து, மாஜிஸ்டிரேட்கிட்ட முன்கூட்டியே பர்மிஷன் வாங்கணும். அதுவும் எழுத்துல ஒண்ணுமே கொடுக்காமலா கூட்டிட்டுப் போனாங்க? எங்கேயோ இடிக்குதே!’’

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

‘‘நீங்க சொல்றது சட்டம் சார். நான் சொல்றது ஸ்டேஷன்.’’

சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். அந்த முறை அவருடைய அண்ணன் கூடப் போனார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து, அந்த வீட்டு அம்மாள் வெளியூர் போகும்போது அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்து மறந்துபோன செயின், சாதத்துக்கு அரிசி எடுக்கும்போது கையில் தட்டுப்பட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செயின் கிடைத்த செய்தியையே அவர் அந்த ஃபிளாட் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு வருஷம் வேலை செய்தார். என்னிடம் அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம், ‘‘சார், சபீனா தீர்ந்துடுச்சு’’ என்கிற மாதிரி விஷயங்கள் மட்டும்தான். சட்டப் பிரிவெல்லாம் தெரிந்த எனக்கு, எதிரே இருந்த வீங்கிய முகம் ஆதாரமாகத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்திருக்கும்.

போன வாரம் இதை பெஞ்சில் சொன்னேன். சந்திரகுமாரையும் சாத்தான்குளத்தையும் சொன்னேன். பேங்க் நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: ‘‘உண்மையைச் சொல்லணும்னா சார், என்னால அதைப் பார்க்க முடியலை. அதான் ஆஃப் பண்ணினேன்.’’

எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. ‘பார்க்க முடியலை’ என்பது நேர்மையான விமர்சனம். ‘லாஜிக் இல்லை’ என்று படத்தின் மேல் பழியைப் போடாமல், தன்னால் முடியாததைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிற வார்த்தை. அன்றைக்கு மந்தைவெளியில் நானும், ‘இடிக்குதே’ என்று சொல்வதற்குப் பதில், ‘எனக்கு ஸ்டேஷனுக்கு வர பயமா இருக்கும்மா’ என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா அதை நம்பியிருப்பார்.